பந்தயக் காரின் கியரும் டிரைவர் மாமாவின் முழங்காலும்

சென்ற பொங்கலுக்கு எங்கள் அத்தான் புதுக் காரில் வந்து இறங்கினார். சின்னக் கார்தான். ஆனால் அதில் கிளட்ச் மிதி இல்லை. தெருப் பையன்கள் கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"இது ஏ.எம்.டி. வண்டி. பந்தயக் காரில் இருக்கிற அதே கியர் இதிலேயும் இருக்கு" என்றார் அத்தான். கார் வாங்கிய இடத்தில் அப்படிச் சொல்லித்தான் விற்றார்களாம்.

எதிர்வீட்டுத் திண்ணையில் டிரைவர் மாமா உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூரைச் சுற்றி 30 ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இடது காலை மெல்ல ஊன்றி வந்து, காருக்குள் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, பந்தயக்காரன் ரெண்டு மணி நேரம் ஓட்டுறான். அவனுக்குக் கிளட்ச் மிதிக்காத வண்டி. நான் முப்பது வருஷம் ஓட்டினேன். எனக்கு ஏம்ப்பா அதைத் தரலை?"

அத்தானிடம் பதில் இல்லை. என்னிடமும் அன்று இல்லை. பிறகு யோசித்துப் பார்த்ததில் எனக்கு இரண்டு முடிவுகள் கிடைத்தன. ஒன்று: "பந்தயக் காரில் இருக்கிறது" என்பது ஒரு கருவி சிறந்தது என்பதற்குச் சான்று ஆகாது. இரண்டு: கிளட்ச் மிதியிலிருந்து விடுதலை யாருக்கு மிகவும் தேவையோ, அவருக்கு அது கடைசியில்தான் வந்து சேருகிறது. இந்த இரண்டையும் நீங்கள் அப்படியே ஏற்க வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன், நீங்களே எடை போட்டுப் பாருங்கள்.

கியர் எதற்கு?

கியர் உள்ள சைக்கிளில் ஆற்றங்கரை மேட்டில் ஏறியிருக்கிறீர்களா? மேடு வந்ததும் கியரைக் குறைக்கிறோம். மிதி அதிகமாகச் சுற்றுகிறது. சக்கரம் குறைவாகச் சுற்றுகிறது. ஆனால் சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசை கூடுகிறது. மோட்டார் வாகனத்திலும் இதுவே கதை. எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேக வரம்புக்குள்தான் நன்றாக இழுக்கும். வண்டியோ நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வரை போக வேண்டும். இந்த இரண்டையும் பொருத்தி வைப்பவை கியர் பெட்டியிலுள்ள பற்சக்கரங்கள்.

பற்சக்கர இணையை மாற்றும்போது எஞ்சினைச் சற்றே பிரித்து வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கிளட்ச். இடது கால் மிதிக்கிறது, கை கியரை மாற்றுகிறது, கால் மெல்ல மேலே வருகிறது. இதற்கு ஆகும் நேரத்தில் எஞ்சின் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் சக்கரத்துக்கு விசை போவதில்லை. வண்டி தன் பழைய வேகத்திலேயே நகர்கிறது.

நல்ல சாலையில் இது பெரிதாகத் தெரியாது. சேற்றில் தெரியும். தொளி உழவின்போது டிராக்டர் ஓட்டுபவரைக் கவனியுங்கள். வயலுக்குள் இறங்குவதற்கு முன்பே அவர் கியரைப் போட்டுவிடுவார். நடுச் சேற்றில் கிளட்சை மிதித்தால், சேறு வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும் என்பது அவருக்குத் தெரியும். கியர் மாற்றும்போது இழுவை அறுபடுகிறது என்ற செய்தியை நம் வயல்கள் நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இரண்டு வழிகள்

இடது காலுக்கு ஓய்வு கொடுக்கப் பொறியாளர்கள் இரண்டு வழிகளைக் கண்டார்கள்.

முதல் வழி ஏ.எம்.டி. இதில் கியர் பெட்டி பழையதுதான், கிளட்சும் பழையதுதான். மனிதனின் கைக்கும் காலுக்கும் பதிலாக, மின்மோட்டாரோ எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் உருளையோ வேலை செய்கிறது. எப்போது மாற்றுவது என்பதை ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. சுருங்கச் சொன்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு டிரைவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்கிறார்.

இரண்டாவது வழி, உலகம் நெடுநாளாக 'ஆட்டோமேட்டிக்' என்று அழைத்துவரும் தானியங்கிக் கியர். இதன் முதல் உறுப்பு டார்க் கன்வர்ட்டர். 1905-ம் ஆண்டு ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற பொறியாளர் கப்பல்களுக்காக இதன் மூலக் கருத்துக்குக் காப்புரிமை கோரினார். அதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை செய்யலாம். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். காற்றின் தள்ளலில் மற்றதும் மெல்லச் சுற்றத் தொடங்கும். இரண்டுக்கும் இடையே இரும்புத் தொடர்பு எதுவும் இல்லை, காற்றுதான் தொடர்பு. காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி, இரண்டையும் ஒரு மூடிய கூட்டுக்குள் வைத்தால், எஞ்சின் சுற்றும் முதல் விசிறி எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் இரண்டாவது விசிறியைத் தள்ளும். அது கியருக்கு விசை கொடுக்கும்.

இரண்டு விசிறிகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் உறுப்பு உண்டு. இரண்டாவது விசிறியில் மோதித் திரும்பும் எண்ணெய், முதல் விசிறிக்கு எதிராகப் பாய்ந்தால் அதன் வேலையைக் கெடுக்கும். ஆகவே ஆற்று நீரை அணை திருப்பிவிடுவதுபோல, இந்த நடு உறுப்பு எண்ணெயைத் திருப்பி முதல் விசிறிக்குத் துணையாக அனுப்புகிறது. இதனால் வண்டி புறப்படும் வேளையில் முறுக்கு விசை ஏறத்தாழ இரு மடங்காகக்கூட உயர்கிறது. பாரத்தோடு மேட்டில் நிற்கும் வண்டிக்கு இது பெரிய வரம்.

அடுத்த உறுப்பு கோள் பற்சக்கரம். நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிச் சில சிறு சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் இருப்பதால் இந்தப் பெயர். இவற்றின் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கும். எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துக் கியர் விகிதம் மாறும். பிடித்து நிறுத்துவதற்கு உள்ளே சிறு சிறு உராய்வுத் தட்டுகள் உள்ளன. ஒரு பிடி தளரும்போதே அடுத்த பிடி இறுகிக்கொண்டிருக்கும்.

இந்த வேற்றுமையை நம் அறுவடையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். வயலிலிருந்து களத்துக்கு நெற்கட்டுகளைத் தலைச்சுமையாகக் கொண்டு போகிறார்கள். நடுவழியில் ஆள் மாற வேண்டும். ஒரு முறை: முதல் ஆள் கட்டைக் கீழே போடுகிறார்; இரண்டாவது ஆள் தூக்கிக்கொண்டு நடக்கிறார். இன்னொரு முறை: முதல் ஆள் நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது ஆள் தலையைக் கட்டுக்கு அடியில் கொடுக்கிறார், பிறகு முதல் ஆள் விலகுகிறார். முதல் முறையில் எவ்வளவு விரைவாகச் செய்தாலும் கட்டு ஒரு கணம் தரையில் கிடக்கும். இரண்டாவது முறையில் ஆள் மாறுவது மெதுவாக நடந்தாலும் கட்டு நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஏ.எம்.டி. முதல் முறை. தானியங்கிக் கியர் இரண்டாவது முறை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பந்தயத் திடலுக்குப் போவோம்.

பந்தயத்தில் நடந்தது என்ன?

1989-ம் ஆண்டு மார்ச் மாதம். பிரேசில் நாட்டில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம். ஃபெராரி நிறுவனத்தின் 640 என்ற புதிய காரை நைஜல் மான்செல் ஓட்டினார். ஜான் பர்னார்ட் வடிவமைத்த அந்தக் காரில் கியர்க் கம்பி இல்லை. ஸ்டியரிங் சக்கரத்தின் பின்னால் இரண்டு சிறு துடுப்புகள் இருந்தன. விரலால் ஒன்றை இழுத்தால் கியர் கூடும். மற்றதை இழுத்தால் குறையும். கிளட்சை எண்ணெய் அழுத்தம் இயக்கியது. வளைவில் திரும்பும்போதும் ஓட்டுநரின் கைகள் ஸ்டியரிங்கை விட்டு விலக வேண்டியதில்லை. புதுக் கருவி பாதி வழியில் பழுதாகிவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். மான்செல் வென்றார். சில ஆண்டுகளில் பந்தயக் கார்கள் எல்லாம் இந்த வழிக்கே வந்துவிட்டன. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ம் ஆண்டு ஃபார்முலா ஒன்னில் கால் வைத்த முதல் இந்தியர் ஆனபோது, அவர் ஓட்டிய ஜோர்டான் காரிலும் கியர் மாற்றியது இப்படிப்பட்ட துடுப்புதான்.

பந்தயத்தில் வென்றதைச் சாலைக் காரில் வைத்து விற்பது வியாபாரம். 1997-ம் ஆண்டு ஃபெராரி தன் எஃப்355 காரில் அதைக் கொண்டுவந்தது. பி.எம்.டபிள்யூ., லம்போர்கினி ஆகியவையும் இதே வழியில் இறங்கின. அந்த ஆண்டுகளில் வேகக் கார் பிரியர்கள் தானியங்கிக் கியரைக் கண்டால் முகம் சுளித்தார்கள். "எண்ணெயில் வழுக்கும் சோம்பேறிப் பெட்டி" என்பது அவர்கள் எண்ணம். அந்தக் காலத்துப் பெட்டிகளைப் பொறுத்தவரை அது முழுப் பொய்யும் அல்ல. பலவற்றில் மூன்று அல்லது நான்கு கியர்கள்தாம் இருக்கும். எண்ணெய் வழுக்கலில் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். கியர் மாற நேரம் பிடிக்கும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் எம்5 என்ற வேகக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் வந்த எம்5-ல் இருந்தது 7 கியர்கள் கொண்ட ஒற்றைக் கிளட்ச் ஏ.எம்.டி. 2011-ல் வந்ததில் இரட்டைக் கிளட்ச் பெட்டி. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்சுமாக, இரண்டு ஏ.எம்.டி.க்களை ஒன்றாகக் கட்டியதுபோன்ற அமைப்பு அது. அடுத்த ஆள் தலை கொடுத்த பிறகே முதல் ஆள் விலகும் முறைக்கு வந்துவிட்டார்கள். 2017-ல் வந்த எம்5-ல் என்ன இருந்தது தெரியுமா? டார்க் கன்வர்ட்டரும் கோள் பற்சக்கரமும் கொண்ட 8 கியர்த் தானியங்கிப் பெட்டி! சோம்பேறிப் பெட்டி என்று ஒதுக்கப்பட்டது, 12 ஆண்டுகளில் சிம்மாசனத்தில் ஏறிவிட்டது.

நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட, 2005-ம் ஆண்டுக் கார் 4.7 நொடி எடுத்தது. 2017-ம் ஆண்டுக் கார் 3.4 நொடி எடுத்தது. இவை அந்த நிறுவனமே அறிவித்த எண்கள். "பார்த்தீர்களா, தானியங்கிக் கியர்தான் வேகம்!" என்று நான் இங்கே முடித்துவிடலாம். அது நேர்மை ஆகாது. இடைப்பட்ட காலத்தில் எஞ்சினின் வலிமை கூடியது. நான்கு சக்கரங்களுக்கும் இழுவை வந்தது. மூன்று காரணிகள் ஒன்றாக மாறும்போது, விளைவை ஒன்றின் கணக்கில் மட்டும் எழுதக் கூடாது. இது உங்கள் ஆய்வுக்கூடப் பாடம். இந்த எண்களிலிருந்து நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அதிவேகக் காருக்குத் தானியங்கிக் கியர் ஒரு தடையல்ல.

எதை அளக்கிறோம்?

2011-ல் வந்த லம்போர்கினி அவென்டடோர் காரில் ஒற்றைக் கிளட்ச் ஏ.எம்.டி. இருந்தது. அது 50 மில்லி நொடியில் கியர் மாற்றும் என்று அறிவித்தார்கள். கண் இமைப்பதைவிட விரைவு. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் 2009-ல் கொண்டுவந்த 8 கியர்த் தானியங்கிப் பெட்டியோ 200 மில்லி நொடியில் மாற்றுவதாகச் சொன்னது. 50 பெரிதா, 200 பெரிதா? 50-தான் வேகம், ஆகவே ஏ.எம்.டி.தான் சிறந்தது என்று தோன்றுகிறது அல்லவா?

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். அந்த 50 மில்லி நொடியில் சக்கரத்துக்கு விசை போகவில்லை. கட்டு தரையில் கிடக்கிறது. இந்த 200 மில்லி நொடியில் விசை போய்க்கொண்டே இருக்கிறது, கட்டு நகர்கிறது. இரண்டும் 'கியர் மாற்றும் நேரம்' என்ற ஒரே பெயரில் வந்தாலும், இரண்டும் ஒன்றல்ல. அளவு சரி, ஒப்பீடு தவறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. கியர் கூடும்போது எஞ்சினின் சுழல் வேகம் குறைய வேண்டும். அதன் கனமான சக்கரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். கிளட்சை மெதுவாக விட்டால் அது உராய்வில் கரைந்துபோகும். ஆனால் இடைவெளி நீளும். சட்டென்று விட்டால் இடைவெளி குறையும். ஆனால் அந்த ஆற்றல் முதுகில் ஓர் உதையாக விழும். ஒற்றைக் கிளட்ச் பெட்டியில் விரைவையும் மென்மையையும் ஒருசேர முழுமையாகப் பெற முடியாது. ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க வேண்டும்.

பந்தய ஓட்டுநர் உதையைப் பொருட்படுத்த மாட்டார். ஆகவே பந்தயக் காரில் விரைவு வைத்தார்கள். அத்தானின் காரில் உதையைக் குறைக்க வேண்டும். விலையையும் குறைக்க வேண்டும். ஆகவே அதில் இடைவெளியை நீளவிட்டார்கள். அன்று மாலை நாங்கள் அந்தக் காரில் போனோம். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் நாங்கள் ஐந்து பேரும் ஒருமுறை முன்னால் தலையாட்டினோம், ஏதோ ஒரு கேள்விக்கு ஆமாம் சொல்வதுபோல. நியூட்டனின் முதல் விதிதான் காரணம். முதுகுக்குப் பின்னால் இருந்த தள்ளல் திடீரென்று நின்றது. தலை தன் போக்கில் முன்னே போனது. ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நின்று புறப்பட்டபோது வண்டி ஒரு முழம் பின்னால் நகர்ந்து, பிறகுதான் முன்னேறியது. டார்க் கன்வர்ட்டர் உள்ள காரில் எண்ணெயின் தள்ளல் எப்போதும் கொஞ்சம் இருந்துகொண்டே இருப்பதால், சிறு மேடுகளில் இந்தப் பின்னோட்டம் இராது.

இன்னும் ஒரு செய்தி. ஃபார்முலா ஒன் கார்களே 2000-களின் நடுவில் இந்த இடைவெளியை ஒழிக்கும் பெட்டிகளுக்கு மாறின. அடுத்த கியர் பிடித்த பிறகே பழைய கியர் விடும் முறை அங்கேயும் வந்துவிட்டது. ஆக, "பந்தயக் காரில் இருக்கிற அதே கியர்" என்று அத்தானுக்குச் சொன்னது, பந்தயமே கைவிட்டுவிட்ட முறையைப் பற்றித்தான்!

மறுபக்க நியாயம்

ஏ.எம்.டி. பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அதற்கு உரிய இடம் உண்டு. பழைய கியர் பெட்டியோடு சில உறுப்புகளைச் சேர்த்தால் போதும் என்பதால், அதன் விலை குறைவு. எண்ணெய் வழுக்கல் இல்லாததால் எரிபொருளும் வீணாவதில்லை. 2014-ம் ஆண்டு மாருதி நிறுவனம் செலேரியோ காரில் அதை வைத்து விற்கத் தொடங்கியபோது, கிளட்ச் இல்லாத கார் என்பது நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது. மூட்டுவலி உள்ள ஆசிரியை ஒருவர் அந்தக் காரை ஓட்டிப் பள்ளிக்குப் போகிறார் என்றால், அவர் தலையாட்டத்தைப் பொருட்படுத்துவாரா? மாட்டார். அத்தான் வாங்கியதும் தவறல்ல. தவறு, அதைப் பற்றிச் சொல்லப்பட்ட காரணத்தில்தான்.

நெடுஞ்சாலைகளில் ஓடும் பெரிய லாரிகளுக்கும் ஏ.எம்.டி. நன்றாகப் பொருந்துகிறது. வால்வோ நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த ஐ-ஷிஃப்ட் பெட்டி அந்த வகைதான். காரணம் எளிது. நெடுஞ்சாலை லாரி மணிக்கணக்கில் ஒரே கியரில் ஓடும். மாற்றம் எப்போதாவதுதான், எரிபொருள் மிச்சம் எப்போதும்.

அடிக்கடி நின்று நின்று புறப்படும் வண்டிக்கு நிலைமை நேர் எதிர். அங்கே மாற்றம் எப்போதும். அங்கே இழுவை அறுபடாத மென்மையும், தேயும் கிளட்ச் இல்லாத புறப்பாடும் முக்கியம். ஆகவே எது சிறந்தது என்ற கேள்விக்கு, "எந்த வேலைக்கு?" என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான தொடக்கம்.

சிலர் வேறொரு வாதம் வைப்பார்கள். "கிளட்சை மிதித்து, கியரை மாற்றி ஓட்டுவதுதான் திறமை, மற்றது சோம்பேறித்தனம்." திறமை என்பதை மறுக்கவில்லை. டிரைவர் மாமா கியர் மாற்றினால் மேலே அடுக்கிய வெற்றிலைக் கூடைகூட அசையாது என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் நம் ஊர்களில் 1980-லிருந்து ஓடும் டி.வி.எஸ். 50 மொபெட்டைப் பாருங்கள். அதில் பிடிப்பதற்குக் கிளட்சும் இல்லை, மாற்றுவதற்குக் கியரும் இல்லை. எஞ்சின் வேகம் கூடியதும் உள்ளேயுள்ள தட்டுகள் விலகி விரிந்து தானாகவே பிடித்துக்கொள்ளும். நெல் மூட்டையையும் பால் கேனையும் ஏற்றிக்கொண்டு வரப்பில் போகும் அந்த மனிதரை யாராவது சோம்பேறி என்று சொன்னதுண்டா? அவர் வேலை வேறு. கிளட்ச் பிடிப்பது அவர் வேலை அல்ல. பேருந்து ஓட்டுநரின் வேலையும் சாலையைப் பார்ப்பதும், படியில் நிற்கும் பிள்ளைகளைப் பார்ப்பதும்தான்.

ஒரு கணக்கு

இனி மாமாவின் முழங்காலுக்கு வருவோம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர். ஐந்து ஆறுகளின் பெயரால் அமைந்த ஊர் அது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலங்கள். பாலத்துக்குப் பாலம் மேடு, நடுவே கடைத்தெரு, வேகத்தடை, சாலையில் ஆடு.

வழியில் 15 நிறுத்தங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் புறப்பட ஒரு மிதி, மேல் கியர்களுக்கு மூன்று மிதி, நிற்கும்போது இரண்டு மிதி, மொத்தம் ஆறு. 15 நிறுத்தங்களுக்கு 90. பாலத்துக்கும் வேகத்தடைக்கும் ஒரு 10 சேர்த்தால் 100. நாளைக்கு 8 நடை என்றால் 800 மிதி. ஆண்டுக்கு 250 நாள் வேலை என்றால் 2 லட்சம். 30 ஆண்டுக்கு 60 லட்சம்!

ஒரு மிதிக்கு 150 நியூட்டன் விசை, மிதி இறங்கும் தூரம் 15 சென்டிமீட்டர் என்று கொள்வோம். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை. 150-ஐ 0.15-ஆல் பெருக்கினால் 22.5 ஜூல். நாளைக்கு 800 மிதி என்றால் 18,000 ஜூல். 60 கிலோ நெல் மூட்டை ஒன்றை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஏறத்தாழ 600 ஜூல் வேண்டும். ஆக, நாள்தோறும் 30 மூட்டைகளைத் தூக்கி வைப்பதற்குச் சமம். மூட்டை தூக்குபவர் உடல் முழுவதாலும் தூக்குகிறார். இங்கேயோ உட்கார்ந்த இடத்தில், இடது கால் ஒன்றே தூக்குகிறது.

இந்த எண்கள் என் அனுமானம்தான். வண்டிக்கு வண்டி, வழிக்கு வழி மாறும். மாமாவின் வலிக்குக் கிளட்ச் மட்டுமே காரணம் என்று சொல்ல நான் மருத்துவனும் அல்லன். ஆனால் 60 லட்சம் தடவை செய்யத் தேவையில்லாத ஒரு வேலையை ஒரு மனிதரின் மூட்டுக்குக் கொடுத்தோம் என்பது மட்டும் உறுதி.

தேவையில்லாத வேலை என்று ஏன் சொல்கிறேன்? 1956-ல் லண்டன் தெருக்களில் ஓடத் தொடங்கிய ரூட்மாஸ்டர் பேருந்தில் கிளட்ச் மிதி கிடையாது. ஃபோட்டிங்கரின் எண்ணெய் இணைப்பும் கோள் பற்சக்கரமும் அதில் இருந்தன. மான்செல் பிரேசிலில் வெல்வதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே, லண்டன் பேருந்து ஓட்டுநரின் இடது கால் ஓய்வு பெற்றுவிட்டது! நம் நாட்டிலும் 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளையொட்டித் தில்லி வாங்கிய தாழ்தளப் பேருந்துகள் தானியங்கிக் கியரோடு ஓடின. கருவி இருந்தது, அறிவு இருந்தது. விலையும் எரிபொருள் செலவும்தான் குறுக்கே நின்றன.

அந்தக் கணக்கு பொய்யல்ல. தானியங்கிப் பெட்டி விலை கூடியதுதான். ஆனால் பெட்டியின் விலை ஒரு பேரேட்டில் எழுதப்படுகிறது. முழங்காலின் விலை எந்தப் பேரேட்டிலும் எழுதப்படுவதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு மொத்தம் போட்டால் கூட்டல் தவறாகத்தானே வரும்? கட்டணம் கொஞ்சம் உயர்ந்தாலும், டெல்டாவின் நகரப் பேருந்துகளில் கிளட்ச் மிதி இருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

காலம் இப்போது இன்னொரு வழியையும் திறந்திருக்கிறது. 2025-ம் ஆண்டு ஜூன் இறுதியில் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் மின்சாரப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கு விசையைக் கொடுக்கக்கூடியது. அதனால் அந்தப் பேருந்தில் ஓட்டுநர் மாற்ற வேண்டிய கியரே இல்லை. ஏ.எம்.டி.யா, தானியங்கியா என்ற சண்டையே அங்கே இல்லாமல் போகிறது. அந்தப் பேருந்துகள் தஞ்சாவூர் வழித்தடங்களுக்கும் விரைவில் வர வேண்டும். வரும் வரையில், புதிதாக வாங்கும் வண்டிகளிலாவது இடது காலை மறக்கக் கூடாது.

இளம் நண்பர்களே, அடுத்த முறை பேருந்தில் போகும்போது, எஞ்சின் பக்கம் இடம் கிடைத்தால், ஓட்டுநரின் இடது காலை எண்ணுங்கள். எத்தனை நிறுத்தம், எத்தனை மிதி என்று ஒரு தாளில் குறியுங்கள். ஓட்டுநரோடு பேச்சுக் கொடுத்து அவர் கவனத்தைக் கலைக்காதீர்கள். என் கணக்கு 100. உங்கள் வழித்தடத்தில் அது 60 ஆகவும் இருக்கலாம், 150 ஆகவும் இருக்கலாம். எண் கிடைத்ததும் என் கருத்தைச் சோதியுங்கள். தவறாக இருந்தால் திருத்துங்கள்.

மாமாவிடம் நான் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "லண்டன்ல எந்த வருஷம்னு சொன்னே?"

"1956, மாமா."

"அப்ப நான் பொறந்தே இருக்கலையேப்பா" என்றார். தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.